ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

"நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச. ரெண்டு வருஷமா இதுக்கு அடியில படுத்துக் கிடக்குற. இன்னும் ஒரு தும்மல் கூட வரலையே இதுலருந்து," என்றாள் அம்மா, டார்ச் வெளிச்சத்தை என்ஜினுக்குள் அடித்தபடி.

"வெளிச்சத்தை ஆட்டாதம்மா," என்றாள் மகள்.

ராணுவம் கழித்துவிட்ட ஜீப் அது. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தது. ஏலத்தில் எடுத்து, லாரியில் கட்டி இழுத்து வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நிறுத்திய அன்று, தையல்காரரான அப்பா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இரும்புக்கடைக்குப் போற வழியில இங்க இறங்கிடுச்சா? கல்யாண வயசுல ஒரு பொண்ணு வாங்குற சாமானா இது?"

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் அன்றைக்கு அவள் வாயில் வேலை செய்தது. சித்தி, மாமா எல்லோரும் நிற்கும்போதே சொன்னாள்: "மூணு மாசத்துல ஓட்டிக் காட்டுறேன். ஓடின மறுநாளே நீங்க கை காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுறேன். போதுமா?"

அப்பாவுக்குப் போதும். வாங்கிய வாக்கை அவர் அளவுப் புத்தகத்தில் எழுதாத குறை.

மூன்று மாதம் இரண்டு வருடமானது. ஆறு பூச்சுப் பெயிண்டைச் சுரண்டி, அடியிலிருந்த பழைய பச்சையைக் கண்டுபிடித்தாள். ராணுவ எண்ணைக்கூட அதே அச்சில் எழுதிவிட்டாள். பார்க்க ராஜா மாதிரி நின்றது, நின்றதோடு சரி. ஒரு ஞாயிறு பெட்ரோல் ஏறாது. குழாயில் அடைப்பைக் கண்டுபிடித்து எடுத்தால், அடுத்த ஞாயிறு பேட்டரி செத்துக் கிடக்கும். அதற்கு உயிர் கொடுத்தால், அதற்கடுத்த ஞாயிறு பிளக்கில் பொறி வராது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றார்கள், இதே பைத்தியம் பிடித்த மற்றவர்கள்.

அவளுக்குக் கல்யாணம் இப்போது வேண்டாம். மேலே படிக்க வேண்டும். அதற்காக, வேண்டுமென்றே தோற்றுப்போகவும் வராது. தெரியாத மாதிரி நடிப்பதற்கா இராப்பகலாகப் படித்தாள்? வண்டி ஓடினால் கல்யாணம், ஓடாவிட்டால் அவமானம். இரண்டு பக்கமும் தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்ட ஒரே இன்ஜினீயர் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அப்பா கொட்டகை வாசலில் வந்து நின்றார். "மருந்துக்கடை மாப்பிள்ளை வீட்ல இன்னும் எத்தனை நாள்தான் காத்திருப்பாங்க? இன்னிக்கு என்ன கோளாறு?"

"பொறி வரலப்பா. சரி பண்ணிட்டேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரம் பேட்டரிப்பா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பட்டன் தெச்சா காஜா இல்ல, காஜா எடுத்தா பட்டன் இல்ல. சட்டையை எப்பதான் போடுறது?"

"நல்லாக் கேளுங்க," என்றாள் அம்மா. "எதிர்வீட்டுக்காரர் ஏழாவது ஃபெயில். ஸ்கூட்டரை ஒரே உதையில கிளப்புறார். இவ வாங்குன சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டுனதுக்கு ஒரு கண்ணாடியாவது மாட்டியிருக்கலாம், முகம் பார்க்கவாவது ஆகியிருக்கும்."

மகள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். திறந்து வைத்த பானெட் எதிரே சுவர் மாதிரி நின்றது. தரையிலிருந்த ஸ்டார்ட்டரை மிதித்தாள். முனகல். மறுபடி மிதித்தாள். இருமல். மூன்றாவது மிதியில் மொத்தத் தகரமும் கிடுகிடுக்க, என்ஜின் பிடித்துக்கொண்டது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஓடுதுடி, ஓடுது," என்று அப்பா ஃபோனை எடுக்க வீட்டுக்குள் ஓடினார். என்ஜின் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது. "ஆமாங்க, நாளைக்கே வாங்க. என் பொண்ணு வாக்கு மாற மாட்டா."

அவள் சிரிப்பு அப்படியே வற்றியது.

சட்டென்று என்ஜின் நின்றது.

அப்பா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். "என்னாச்சு? லைன்ல இருக்காங்க."

"என்ன ஆகும்? உங்க மக படிச்ச லட்சணம்," என்றாள் அம்மா. "அவங்களை வேற இடம் பார்த்துக்கச் சொல்லுங்க. இது இந்த ஜென்மத்துல ஓடாது."

அப்பா ஜீப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிம்மதியிலா அவமானத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கி வந்து என்ஜினுக்குள் குனிந்தாள். பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கழன்றிருந்தது. ஆனால் தொங்கவில்லை, மாட்டியிருப்பது போலவே பக்குவமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அம்மா, இது தானாக் கழலாது. நான் ரெண்டு தடவை அழுத்தி மாட்டினேன்."

அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தாள்.

"வாய்க்கொழுப்புல வாக்கு குடுத்துட்டு முழிக்கிறியேன்னு வாரம் ஒண்ணா நானும் அடைக்கிறேன், கழட்டுறேன், நீ பாட்டுக்குக் கண்டுபிடிச்சு மாட்டிக்கிட்டே இருக்க," என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் தீர்ந்துபோச்சு, படிச்சவ, அடுத்து எதைக் கழட்டுறதுன்னு இனிமே நீயே சொல்லு."