டேவி கோர்லே என்ன வேலை பார்த்தார்?

சமையலறையில் கெட்டில் விசிலடித்தது. உடனே ஹாலில் சிரிப்புச் சத்தம்.

"கேட்டியா உனா, உன் தம்பி குலத்தொழிலை ஆரம்பிச்சுட்டான்."

இனெஸ் அடுப்பை அணைத்தான். இடுப்பில் பேத்தியோடு கெட்டிலை இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை டீக்கு வரும் அக்கா புருஷன் லார்னுக்கு, இந்தக் கிண்டல் இல்லாமல் டீ தொண்டையில் இறங்காது.

டண்டீ நகரத்தில் அது பழைய வசவு. அந்தக் காலத்துச் சணல் ஆலைகளில் பெண்களுக்குத்தான் வேலை. பையன்களைப் பதினெட்டு வயதானால், ஆண் கூலி கொடுக்க வேண்டுமே என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். மனைவி சம்பாதிக்க, வீட்டில் இருந்த ஆணுக்கு 'கெட்டில் போடுறவன்' என்று பெயர். இனெஸின் கொள்ளுத்தாத்தா டேவி கோர்லே வாங்கிய பெயர் அது. வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு இனெஸுக்கும் அதே பெயர். மனைவி பஸ் ஓட்டுகிறாள், மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள், பேத்தி இவன் பொறுப்பு.

லார்ன் மேஜையில் வம்சாவளிப் படத்தை விரித்திருந்தார். உனாவின் அறுபதாவது பிறந்தநாள் விழாவில் மாட்டுவதற்கு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே தொழில்.

"என் தாத்தா ஏங்கஸ் பெட்டிக்ரூ. துறைமுகத் தலைவர். அப்பன் கடலோட போயிட்டான், அம்மா ஆலையில நூல் நூத்தா. யார் தயவும் இல்லாம தனியா வளர்ந்தவர். இப்ப உங்க ஆளு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பாரு."

அச்செடுத்த தாளின் கடைசி வரி: டேவி கோர்லே, குடும்பத் தலைவர். வேலை: இல்லை.

"அத்தான், அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்களேன். ஊரே வந்து பாக்கும்."

"கணக்கெடுத்தவன் எழுதினதைத்தான் எழுதறேன். எனக்கென்ன வந்தது?" பேனா மூடியைக் கழற்றினார்.

இனெஸ் தாளையே பார்த்தான். "கொள்ளுப்பாட்டி பேரு எங்க?"

"பக்கம் முடிஞ்சுடுச்சு."

"வீடு முடியலையே. அடுத்த பக்கம் பாத்தீங்களா?"

"எதுக்கு? எனக்கு வேண்டியது கிடைச்சுது."

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, லார்னின் கணினியில் அடுத்த பக்கத்தைத் திறந்தான் இனெஸ்.

மனைவி, ஆலையில் நெசவு. மகள் ஒருத்தி. அதற்குக் கீழே நான்கு குழந்தைகள். நான்கும் வேறு வேறு குடும்பப் பெயர். உறவு என்ற இடத்தில் மட்டும் ஒரே சொல்: வளர்க்க விட்ட குழந்தை.

"ஆலைக்குப் போனவங்க பிள்ளைங்க," என்றாள் உனா மெதுவாக. "எல்லாத்தையும் இவர்தான் பாத்துக்கிட்டாரா!"

"கடைசிப் பேரைப் படிங்க அத்தான்."

லார்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்ததும் அதைக் கழற்றி மேஜையில் வைத்தார். உனாதான் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"ஏங்கஸ் பெட்டிக்ரூ. வயசு ரெண்டு."

இனெஸ் 1911 கணக்கெடுப்பையும் திறந்தான். அதே வீடு. அதே டேவி, வேலை இல்லை. அதே ஏங்கஸ், வயது பன்னிரண்டு, பள்ளிக்கூடம் போகிறான்.

பேனா மூடி திரும்பப் போய் உட்கார்ந்தது.

"யார் தயவும் இல்லாம வளர்ந்தவர்ல?" என்றாள் உனா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

குழந்தை சிணுங்கியது. பால் கலக்க வெந்நீர் வேண்டும். இனெஸ் பேத்தியை வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து சமையலறைக்கு நடந்தான்.

பின்னாலேயே நாற்காலி நகரும் சத்தம்.

"நீ பாப்பாவைப் பாரு மச்சான்," என்றார் லார்ன். "கெட்டிலை நான் போடறேன்."