பெற்றோர் கையொப்பம்

"நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை கள்ளக் கையெழுத்துப் போடுது. நீங்களே பாருங்க!"

சுஷ்மா மிஸ் பள்ளிக்கூட டைரியை மேஜைமேல் விரித்து வைத்தார்.

எதிரே ஜெஸி. கே.கே. நகரில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், பங்கில் உள்ள தாய்மார்களை உட்கார வைத்து, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறவள் அவள்தான். மகள் ஆன்சி ஓரமாக நின்றாள். வலது கைக் கட்டைவிரலில் ஒரு கட்டு.

"ஜூன் மாசத்துலேர்ந்து உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. பக்கத்துல 'கணக்குல கவனம் வேணும் கண்ணு', 'இன்னைக்கு நல்லாப் படிச்சிருக்கா, எனக்குப் பெருமையா இருக்கு'ன்னு நாலு வார்த்தை வேற. படிச்சு நானே உருகியிருக்கேன். நேத்து மட்டும் பாருங்க, கோழி கிண்டுன மாதிரி!"

ஜெஸி டைரியைப் புரட்டினாள். முகத்தில் சின்னதாக ஒரு தடுமாற்றம். வந்த வேகத்திலேயே அது போய்விட்டது.

"ஆமா மிஸ், மத்ததெல்லாம் நான் போட்டதுதான். எம்புட்டு வேலை இருந்தாலும் டைரி பாக்காமப் படுக்க மாட்டேன். நேத்துப் போட்டது நானில்ல."

ஆன்சி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"விரல்ல அடியோட போட்டிருக்கா. அதான் கோணிப்போச்சு" என்றார் மிஸ்.

"அடியா? இது என்னைக்குடி?"

"நேத்தும்மா. வேன் கதவுல நசுங்கிருச்சு. டிரைவர் அண்ணன்தான் கட்டு போட்டுவிட்டாரு."

"அதெல்லாம் இருக்கட்டும். இம்புட்டுப் பொய் எங்கடி கத்துக்கிட்ட? நம்ம வீட்ல பொய் பேசுற ஆளு யாராவது இருக்காங்களா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜெஸி எடுத்தாள்.

"சொல்லுங்க சிஸ்டர்... வெளிய எங்கயும் போகல, வீட்லதான். பாப்பாவுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பிரேயர்ல எல்லார் முன்னாடியும் ஆன்சி மன்னிப்புக் கேக்கணும். சம்மதம்னு இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க."

ஆன்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லார் முன்னாடியுமா மிஸ்?"

"கேக்கட்டும் மிஸ்" என்றாள் ஜெஸி, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

போனைத் திரும்பக் காதுக்குக் கொடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமலேயே சரக்கென்று கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.

வாங்கிய மிஸ் அப்படியே நின்றுவிட்டார். கடிதத்தைப் பார்த்தார். டைரியில் நேற்றைய பக்கத்தைப் பார்த்தார். இரண்டிலும் அதே கோழிக் கிறுக்கல்.

ஜூன் மாதப் பக்கத்துக்குத் திரும்பினார். முத்து முத்தான எழுத்து. 'எனக்குப் பெருமையா இருக்கு.'

"அப்ப இதெல்லாம்..."

ஆன்சி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். என்னால பேனா பிடிக்க முடியலைன்னுதான் நேத்து அம்மாகிட்டக் குடுத்தேன். விரல் ஆறட்டும், அம்மா கையெழுத்தை எப்பவும் போல நானே ஒழுங்காப் போட்டுட்டு வாரேன்."