பெயர் இல்லாமல் ஊசி இல்லை

ஃபிஜி மக்களுக்கு ஒரு மாபெரும் நற்செய்தி! மூட்டு வீக்கத்தில் தொடங்கி இதயத்தில் போய் முடிகிற ருமாட்டிக் காய்ச்சலுக்கு இனி இந்நாட்டில் இடமில்லை. அதற்கான சிகிச்சை நெறிமுறை இன்று தலைநகர் சுவாவில் வெளியாகிறது. துப்பாக்கியோடு வந்தவர்கள் ஆட்சியைக் கவிழ்த்த நாட்டில், ஊசிக்காவது ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

வோட்டுவாலேவு என்ற ஊரில் ரோஷிகாவுக்கு அந்தச் செய்தி இனிக்கவில்லை. மகள் வந்தனாவின் முழங்கால் மறுபடியும் வீங்கியிருந்தது.

"மாசாமாசம் பென்சிலின் ஊசி போடணுமில்ல? இன்னிக்காவது புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

கணவர் தேவேந்திரா டை கட்டிக்கொண்டே சொன்னார்: "ஊசி போட்டா ரிஜிஸ்டர்ல பேர் ஏறும். இதய நோய் வரப்போற புள்ளைக்கு ஆஸ்திரேலியாக்காரன் விசா குடுப்பானா? விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் முடியட்டும்."

"பேர் எழுதாம ஒரு ஊசி வாங்கிட்டு வாங்களேன்."

"ஆஸ்பத்திரிய விட்டா அந்த மருந்து எங்கேயும் கெடையாது. பேர் இல்லாம ஊசி குடுக்கக் கூடாதுன்னு இன்னிலேருந்து சட்டம்."

"அந்தச் சட்டத்தப் போட்ட மகானுக்குப் புள்ளகுட்டி கெடையாதா?"

தேவேந்திரா காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சுவா மண்டபத்தில் மந்திரி மைக்கைப் பிடித்து முழங்கினார்: "ஒரு குழந்தையின் பெயர்கூட விடுபடக் கூடாது என்று இரவு பகலாக உழைத்து இந்த நெறிமுறையை எழுதிய டாக்டர் தேவேந்திராவை மேடைக்கு அழைக்கிறேன்!"

அவர் கழுத்தில் மாலை விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்த வருடம் விசா மூன்று பேருக்கும் வந்தது. விமானத்தில் இரண்டு பேர் ஏறினார்கள்.