பாலத்து அரக்கன்

சம்மட்டி இறங்கியது. வீரனின் மண்டையோடு தோள்பட்டையும் சேர்ந்து நொறுங்கியது.

பாலத்துக் கற்களில் ரத்தம் பரவியது. திரை சிவந்து, பிறகு கறுத்தது.

டயர் கடைக்காரன் கன்ட்ரோலரால் தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து தலைகீழாக நின்றும் அந்தப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

பழைய வீடியோ விளையாட்டுதான். அவனுக்கு மீசை முளைக்காத காலத்தில் வந்தது. ஆனாலும் அதை ஆடுகிறவர்கள் இன்றைக்கும் இணையத்தில் கருத்து எழுதி மாய்கிறார்கள். பாலத்து அரக்கன் பச்சை அநியாயம் என்று ஒரு கட்சி. அவனைப் போல ஓர் எதிரி இனிமேல் பிறந்துதான் வரவேண்டும் என்று இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்காரர்கள் விவரமானவர்கள். எண்ணெய்க் குடுவையை அவன் காலடியில் உடைத்து ஒரு தீப்பந்தத்தை வீசினால் நின்ற இடத்திலேயே எரிந்து சாவான், இதற்குப் போய் இவ்வளவு ஒப்பாரியா என்று கேட்டார்கள்.

டயர் கடைக்காரனின் வீரனிடம் எண்ணெய்க் குடுவைகள் பை நிறைய இருந்தன. தொடமாட்டான். வாத்தியார் கூடாதென்று சொல்லியிருந்தார்.

வாத்தியார் என்பது அந்த விளையாட்டுக்கான இணையப் பக்கத்தில் கருத்து எழுதும் ஒருவரின் பட்டப்பெயர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ‘குடுவை எறிஞ்சு ஜெயிக்கிறவன் ஆம்பளையே இல்ல’ என்று அவர் எழுதியதைப் படித்த அன்றே இவன் தனிச்செய்தி அனுப்பிச் சிஷ்யனாகிவிட்டான். பெற்றவர்களையே வாடா போடா என்று பேசுகிறவன், அவரிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தான்.

அவர் சொன்னபடி வீரனின் கவசத்தைக் கழற்றிப் போட்டான். கனம் இருந்தால் ஓட முடியாதாம். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினான். அரக்கன் மூச்சை இழுப்பது கேட்டால்தான் அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியுமாம்.

வெறும் விளையாட்டுதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டில் அவன் தோற்றால் அடி பெண்டாட்டிக்கு விழும். போன வாரம் அவன் விட்டெறிந்த கன்ட்ரோலர் அவள் புருவத்தைக் கிழித்தது, தையல் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒருநாள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். காரை பெயர்ந்து விழுந்தது. பாவி, சுவரைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டினான். அவன் குரல் உயர்ந்ததுமே குட்டி மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடுவாள்.

அரக்கன் இன்றைக்குச் செத்துத் தொலைந்தால் இன்றைய பொழுது தப்பும்.

மறுபடி பாலம்.

இந்தத் தடவை வாள் நன்றாகவே இறங்கியது. கணுக்கால் நரம்பு அறுந்தது. கறுப்பு ரத்தம் பீய்ச்சி அடித்தது. தொடையில் ஒரு வெட்டு, விலாவில் ஒரு குத்து. அரக்கன் ஊளையிட்டுக்கொண்டு மண்டி போட்டான். டயர் கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தைக் குறிவைத்துத் தாவினான்.

அரக்கன் அவனை அந்தரத்திலேயே பிடித்தான். இடுப்பில் ஒரு கை, தலையில் ஒரு கை. துணியைக் கிழிப்பதுபோல இரண்டாகக் கிழித்துப் பாலத்துக்குக் கீழே எறிந்தான்.

‘மண்டி போட வெச்சிட்டேன் வாத்தியாரே. ஆனா செத்துட்டேன்’ என்று கைபேசியில் தட்டிவிட்டு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது.

“ஏய், டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு? காது அடைச்சுப் போச்சாடி?”

சமையலறையிலிருந்து பதில் இல்லை. பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை.

திமிர். மத்தியானச் சோறு போடும்போதே அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்ததைக் கவனித்திருந்தான். இடுப்பு பெல்ட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தான்.

கைபேசி அதிர்ந்தது. வாத்தியார்.

‘மண்டி போட்டவன் பொழைக்க மாட்டான் தம்பி. கை சூடா இருக்கும்போதே போ. இப்ப எழுந்து போனா எல்லாம் மறந்துடும்.’

நின்றபடியே இரண்டு முறை படித்தான். பெரிய மனுஷன் சொன்னால் காரணம் இருக்கும். பெல்ட்டை நாற்காலியில் போட்டான்.

அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம், எங்கே ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனை மறுபடி ஏற்றினான்.

சம்மட்டி சுழன்றது. முழங்கால் உடைந்தது. எழுந்தான், வெட்டினான், விலா எலும்புகள் உள்ளே போயின. தவழ்ந்து போய் மறுபடி வெட்டினான். அரக்கனின் பாதம் முதுகில் இறங்கியது.

நெடுஞ்சாலையில் ஏறியிருந்த பஸ்ஸில், ஜன்னலோரம், புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒருத்தி கைபேசியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கடைக்குப் போயிருந்த பகல்களில் அவளும் ஆடிப் பார்த்தவள்தான். பாலத்து அரக்கனை அவள் என்றைக்கோ குடுவை எறிந்து எரித்துவிட்டாள்.

அவனுக்குத் தெரியாத அந்த ஊருக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

கைபேசி அதிர்ந்தது.

‘செத்துட்டேன் வாத்தியாரே. இன்னொரு தடவை போகவா?’

அவள் நிதானமாகத் தட்டினாள்.

‘போ தம்பி. இந்தத் தடவை விழுந்துடுவான்.’