புத்தூர் கட்டு

டெல்லி, திருப்பதி என இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பிரித்திகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் மனசெல்லாம் டெல்லியில்தான்.

"நகரியிலேர்ந்து திருப்பதிக்குத் தெனம் ரயில்ல போய் வந்துடலாம். நீ டெல்லிக்குப் போய்ட்டா இங்க சோறு யார் ஆக்குறது? ஒங்கம்மா நாளெல்லாம் தறியில நிக்கிறா" என்றார் அப்பா கன்னையா. அம்மா இந்திராணி அவரையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் தறிக்குப் போனவள், வலது கையில் கட்டோடு வந்து நின்றாள்.

"வழுக்கி வுழுந்துட்டேன். எலும்பு முறிஞ்சி போச்சாம்."

"எக்ஸ்ரே எங்கம்மா?"

"புத்தூர் கட்டுக்கு ஏதுடி எக்ஸ்ரே?"

பிரித்திகாவுக்குப் பொறி தட்டியது. கை உடைந்த அம்மாவை விட்டுவிட்டு எந்தப் பெண் டெல்லிக்குப் போவாள்? அதற்குத்தானே இந்த வேஷம்!

அவள் அடுப்படிப் பக்கம் போனாலே, "நீ ஆக்குறது எனக்கு எறங்கல, நைனாவே ஆக்கட்டும்" என்று அம்மா முனகினாள். பாவம், அப்பா கரண்டியும் கையுமாக நின்றார். இரக்கம் தேடுவதில்கூட என்ன சாமர்த்தியம்!

ஞாயிற்றுக்கிழமை சட்டென்று அறைக்குள் நுழைந்தாள் பிரித்திகா. கட்டுப்போட்ட கையையும் தூக்கி, சாவகாசமாகக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

"எல்லாம் நடிப்பு! நான் டெல்லி போவக் கூடாதுன்னுதானே?"

"கத்தாதடி, நைனா காதுல வுழும்."

அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இந்திராணி, ரசத்துக்கு இவ்ளோ புளி போதுமா?"

அம்மா மகளின் காதருகே குனிந்தாள்.

"சோறு, கொழம்பு கத்துக்கினாரு. ரசமும் வந்துட்டா கட்டை அவுத்துடுவேன். நீ டெல்லி ரயிலுக்கு டிக்கெட் போடு."