சுவரில் ஒட்டிய படங்கள்

"ரப்பரைக் கீழ வைங்கம்மா. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ஓவிய வாத்தியார் கடைசி மேஜை அம்மாவிடம் வகுப்புக்கு வகுப்பு இதைத்தான் சொல்கிறார். பெரியவர்களுக்கான அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்த அம்மாதான் வயதில் மூத்தவர். இந்த வயதில் எதற்கு வந்து சேர்ந்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு டீ கப்பை வரைந்து வரைந்து அழித்ததில் காகிதம் நைந்துபோயிருந்தது.

"நாங்க என்ன கிறுக்கினாலும் நல்லா இருக்குங்கிறீங்களே சார், சின்ன வயசுல உங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்களா?" என்றார் முன்வரிசைத் தையல்காரர்.

"எல்லாம் எங்கம்மாதான். முதல் கலர் பெட்டி அவங்க வாங்கிக் கொடுத்தது. நான் வரைஞ்சதை ஒண்ணு விடாம சுவத்துல ஒட்டி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க."

கடைசி மேஜையில் பிரஷ் கழுவும் தண்ணீர் கவிழ்ந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும், எப்போதோ காய்ந்துவிட்ட மேஜையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றார் நிமிராமல். "கலர் பெட்டியக் குப்பையில போட்டவ நான். படத்தையெல்லாம் உன் கண்ணு முன்னாடியே கிழிச்சவ நான்."

"விடும்மா."

"என் மானத்தைக் காப்பாத்தவா பொய் சொன்ன?"

"பொய் இல்லம்மா." வாத்தியார் ஈர பிரஷ்களை உதறி டப்பாவில் வைத்தார். "சின்ன வயசுலேர்ந்து, அப்படி ஒரு அம்மா இருக்கிறதா நெனச்சுக்கிட்டுத்தான் வரையறேன்."