ஒரு வாய்த் தண்ணீர்

மண்சரிவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை அப்படியே வாரிக்கொண்டு போனது. சன்னாசியின் ஐந்து வயது மகள் மட்டும் கிடைக்கவில்லை. தேடியவர்களும் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். சாலையும் போய்விட்டதால் அவனும் மனைவி தெய்வானையும் பழைய ஒற்றையடிப் பாதையில் மலையிறங்கினார்கள். காடு வெட்டித் தேயிலை நட முதன்முதலில் வந்த ஜனங்கள் ஏறிய பாதை அது. பாதி வழியில் ஆளுயரத்துக்கு ஒரு சிற்றருவி. அந்த ஜனங்கள் இங்கேதான் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மேலே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்களாம்.

அருவி இன்னும் செம்மண் கலங்கலாகவே விழுந்தது. காலையிலிருந்து தெய்வானை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொஞ்சம் தெளிந்து விழுந்த ஓரத்தில் சன்னாசி இரு கைகளையும் குவித்துத் தண்ணீர் ஏந்தி வந்தான்.

"ஒரு வாய் குடி, புள்ள."

அவள் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"இது நம்ம லயத்துப் பக்கமிருந்துதானே வருது?"

"ஆமா."

"அப்ப பாப்பா மேல பட்டுத்தானே வந்திருக்கும்?"

சன்னாசிக்குத் தண்ணீரைக் கீழே விட மனம் வரவில்லை. விரலிடுக்கில் அது ஒழுகத் தொடங்கியது. அவன் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.